தோல் புற்றுநோய்: பழுப்புத் தோலும் கருந்தோலும் உடையோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தோல் புற்றுநோயைப் பற்றிப் பொதுவாகக் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளின் வெள்ளைத் தோல் மக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வெயில் படும் முகத்தையும் முதுகையும் பார்க்கச் சொல்லும் அந்த அறிவுரையைப் படிக்கும் நம்மில் பலர் இது நமக்குரிய நோயன்று என்று ஒதுங்கிவிடுகிறோம். சிலர் தவறான இடத்தில் தேடுகிறோம். நம் தோலில் இந்நோய் எங்கே வருகிறது, எதனால் வருகிறது, எப்படிக் குணமாகிறது என்பதை மட்டும் இக்கேள்வி பதில்கள் எடுத்துக்கொள்கின்றன.

கருந்தோல் உடையவர்களுக்குத் தோல் புற்றுநோய் வருமா?

வரும், ஆனால் மிகக் குறைவாக வரும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமி புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி, உள்ளிருக்கும் செல்களின் மரபணுவைக் காக்கிறது. இந்தியாவில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் தோல் புற்றுநோயின் பங்கு சுமார் 1 சதவீதம். ஆஸ்திரேலியாவிலோ மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதாவதொரு தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது.

இந்தப் பாதுகாப்பு உண்மையானது, ஆனால் முழுமையானதன்று. மெலனின் தடுப்பது வெயிலால் வரும் கேட்டை மட்டுமே. பழைய தழும்பு, ஆறாத புண், ஓயாத உராய்வு, ஆர்சனிக் நஞ்சு ஆகியவற்றால் வரும் புற்றுநோயையும், வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும் தோன்றும் புற்றுநோயையும் அது தடுப்பதில்லை. நமக்கு வரும் தோல் புற்றுநோய்களில் கவலைக்குரியவை பெரும்பாலும் இவையே. நோய் அரிது என்பதால் நோயாளியும் சந்தேகிப்பதில்லை, சில வேளைகளில் மருத்துவரும் சந்தேகிப்பதில்லை. ஆகையால் அது முற்றிய பிறகே வெளிப்படுகிறது.

இந்நோயில் எத்தனை வகைகள் உள்ளன?

முக்கியமானவை மூன்று. அடித்தள செல் புற்றுநோய் பெரும்பாலும் மூக்கு, கன்னம், கண் இமையோரம் ஆகிய இடங்களில் மினுமினுப்பான சிறு மேடாகத் தோன்றும். நம் தோலில் அது பெரும்பாலும் கருமையாக இருப்பதால் மச்சம் என்று எண்ணி விட்டுவிடுவார்கள். பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்து சுற்றியுள்ள இடத்தை அரிக்குமே தவிர, உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவுவது மிக அரிது.

செதிள் செல் புற்றுநோய் தடித்த, சொரசொரப்பான மேடாகவோ விளிம்பு உயர்ந்த புண்ணாகவோ வரும். தொட்டால் இரத்தம் கசியலாம். இது நெறிக்கட்டிகளுக்குப் பரவக்கூடியது. நம்மிடையே இது வெயில் படாத இடத்திலும் தழும்பின் மேலும் வருவது வழக்கம். அப்படி வருவது முகத்தில் வருவதைவிடத் தீவிரமாக நடந்துகொள்ளும்.

மூன்றாவது மெலனோமா. நிறமியை உண்டாக்கும் செல்களில் தொடங்கும் இது மற்ற இரண்டையும்விட அரிதானது, மிகக் கொடியதும் இதுவே. சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கினாலே நெறிக்கட்டி, நுரையீரல், கல்லீரல், மூளை வரை செல்லும் வாய்ப்பு கூடிவிடுகிறது.

பழைய தீக்காயத் தழும்பு புற்றுநோயாக மாறும் என்பது உண்மையா?

உண்மை. பெரும்பாலான தழும்புகள் வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிடும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அடுப்புத் தீயிலோ கொதிநீரிலோ வெந்து, தோல் ஒட்டும் அறுவை செய்யாமல் தானாக ஆறிய பெரிய தழும்பில், அடிக்கடி வெடித்துப் புண்ணாகும் இடத்தில், செதிள் செல் புற்றுநோய் உருவாகலாம். 1828இல் இத்தகைய புண்களை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் பெயரால் இது மார்ஜோலின் புண் எனப்படுகிறது. காயம் பட்டதற்கும் புற்று தோன்றுவதற்கும் இடையே சராசரியாக முப்பது ஆண்டுகள் கூடச் செல்வதால், சிறுவயதில் பட்ட தீக்காயத்தையும் நடுவயதில் வந்த புண்ணையும் நோயாளி இணைத்துப் பார்ப்பதில்லை.

தீக்காயம் மட்டுமல்ல. எலும்பில் சீழ் பிடித்து ஆண்டுக்கணக்கில் வடியும் புண், நரம்புச் சுருள் (வெரிகோஸ் வெயின்) நோயால் கணுக்காலருகே வரும் புண், தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதத்தில் வரும் குழிப்புண் ஆகிய அனைத்திலும் இது நேரலாம். பழைய புண்ணின் விளிம்பு தடித்து உயர்வது, பூக்கோசு போலச் சதை வளர்வது, நாற்றம் மாறுவது, தொட்டவுடன் இரத்தம் வருவது, புதிதாக வலி தொடங்குவது ஆகியவை அறிகுறிகள். முறையான சிகிச்சை அளித்தும் மூன்று மாதத்துக்குள் ஆறாத புண்ணின் விளிம்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கும்படி நோயாளியே கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

உடையாலும் பழக்கத்தாலும் தோல் புற்றுநோய் வருமா?

இந்தியாவில் இதற்குத் தெளிவான சான்றுகள் உண்டு. காஷ்மீரில் குளிர்காலத்தில் தணல் நிறைந்த காங்கிரி என்னும் மட்பானையைப் பிரம்புக் கூடையில் வைத்து, தளர்ந்த மேலங்கிக்குள் தூக்கிச் செல்வார்கள். அந்தச் சூடு ஆண்டுதோறும் படும் தொடையிலும் அடிவயிற்றிலும் வரும் செதிள் செல் புற்றுநோயைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கிருந்த மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

நமக்கு நெருக்கமான சான்று இடுப்பில் இருக்கிறது. புடவைக்கு அடியில் உள்பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் தோல் கறுத்து, செதில் உதிர்ந்து, தடித்துப்போவதைப் பல பெண்கள் அறிவார்கள். அந்த இடத்தில் பல்லாண்டு உராய்வும் வியர்வையும் சேர்ந்து புண்ணாகி, அப்புண் ஆறாமல் நின்றால் மிக அரிதாகப் புற்றுநோய் வரலாம். எழுபது வயதை ஒட்டிய இரு பெண்களுக்கு இவ்வாறு வந்ததை மகாராஷ்டிரத்தையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் 2024இல் வெளியிட்டனர். வேட்டி இறுக்கிக் கட்டும் ஆண்களிடமும் இது முன்பே கண்டறியப்பட்டிருக்கிறது. புடவையையோ வேட்டியையோ விட வேண்டியதில்லை. நாடாவுக்குப் பதில் அகன்ற பட்டியோ எலாஸ்டிக்கோ வைத்துத் தைப்பதும், முடிச்சு விழும் இடத்தை மாற்றுவதும், வீட்டிலிருக்கும்போது தளர்த்திக் கொள்வதும் போதும். இடுப்பில் புண் இருந்தால் அது ஆறும்வரை அங்கே எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது.

ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் குடித்த மேற்கு வங்காள, வங்கதேச மக்களிடம் உள்ளங்கை, உள்ளங்காலில் சிறு முட்கள் போன்ற தடிப்புகளும், அவற்றைத் தொடர்ந்து தோல் புற்றுநோயும் காணப்படுகின்றன. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பாஷாணம், தாளகம் போன்ற ஆர்சனிக் பொருள்கள் சேர்ந்த மருந்துகளைத் தகுந்த மேற்பார்வையின்றி நெடுங்காலம் உட்கொள்வோருக்கும் இதே ஆபத்து உண்டு.

உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

உள்ளங்காலில் இருக்கும் புள்ளிகளில் பெரும்பாலானவை தீங்கற்ற மச்சங்களே. கருந்தோல் உடையவர்களுக்கு அவை இயல்பாகவே அதிகம். ஆயினும் நம்மைப் போன்ற தோல் உடையவர்களுக்கு மெலனோமா வந்தால் அது அதிகம் வரும் இடங்களில் ஒன்று உள்ளங்கால் என்பதால், இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சிறுவயது முதல் மாறாமல் இருக்கும் சிறு புள்ளியைக் கவனித்து வந்தால் போதும். நடுவயதில் புதிதாகத் தோன்றியது, மெல்லப் படர்வது, ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளிறியும் இருப்பது, விளிம்பு கசிந்த மை போல ஒழுங்கற்றது, புண்ணாவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் டெர்மோஸ்கோப் என்னும் ஒளியூட்டிய உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார். நிறமி உள்ளங்கால் ரேகைகளின் பள்ளங்களில் ஓடினால் அது பெரும்பாலும் மச்சம். மேடுகளில் ஓடினால் மெலனோமா என்ற சந்தேகம் எழும். வலியே இல்லாத இந்த எளிய சோதனை பல வீண் அறுவைகளைத் தவிர்த்துவிடுகிறது.

சர்க்கரை நோயாளிகள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சில மெலனோமாக்களில் நிறமே இருக்காது. சிவந்த சதையாகவோ புண்ணாகவோ மட்டும் தெரியும். அதைச் சர்க்கரைப் புண் என்றும், கால் ஆணி என்றும், மரு என்றும் எண்ணி மாதக்கணக்கில் மருந்து கட்டி வந்தவர்களின் கதைகள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. சர்க்கரை கட்டுக்குள் இருந்தும், அழுத்தம் நீக்கிய செருப்பு அணிந்தும் ஆறாத பாதப் புண்ணுக்குத் திசுப் பரிசோதனை தேவை.

நகத்தில் நீளவாக்கில் கருங்கோடு ஓடுகிறது. அது என்ன?

பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது கருந்தோல் உடையவர்களுக்கு வயது ஏற ஏற வரும் இயல்பு. ஒரே ஒரு நகத்தில், குறிப்பாகக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, நடுவயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் கோடு வேறு. அது 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தாலோ, நகத்தின் அடிப்பகுதியில் அகன்று நுனியில் குறுகினாலோ, நகம் பிளந்தாலோ, கருமை நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவினாலோ தாமதிக்கக் கூடாது. நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு காத்திருப்பது இந்த இடத்தில் ஆபத்தாகிவிடும்.

அடிபட்டு இரத்தம் கட்டிய நகத்தில் அந்தக் கருமை நகத்தோடு சேர்ந்து முன்னோக்கி நகர்ந்து வெளியேறும். கால் பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும் என்றாலும், இரண்டு மூன்று மாதத்தில் அடிப்பகுதியில் தெளிந்த நகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது இரத்தக்கட்டு இல்லாமல் இருக்கலாம். ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் இந்த மெலனோமா கண்டறியப்பட்டது. முதலில் அது கால்பந்தாட்டக் காயமாகவே கருதப்பட்டது. 1981 மே 11ஆம் நாள் அவர் இறந்தபோது வயது 36.

மற்ற மச்சங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு பாதியும் ஒத்திராதது, விளிம்பு ஒழுங்கற்றது, பல நிறங்கள் கலந்தது, 6 மில்லிமீட்டருக்கு மேல் பெரியது, மாறிக்கொண்டே இருப்பது என்னும் ஐந்து அடையாளங்களை மருத்துவர்கள் சொல்வார்கள். இவற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது கடைசி அடையாளம்தான். உடலிலுள்ள மற்ற மச்சங்களோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும் மச்சமும் கவனத்துக்குரியது. குளித்து முடித்த பின் மாதம் ஒருமுறை பாதம், விரலிடுக்கு, நகங்கள், உள்ளங்கை, பழைய தழும்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். குனிய முடியாத முதியோருக்கு வீட்டிலுள்ளவர்கள் பார்த்துச் சொல்லலாம். சந்தேகமானதை ஓர் அளவுகோல் பக்கத்தில் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால், அடுத்த மாதம் அது மாறியதா என்பது ஐயமின்றித் தெரியும்.

மெலனோமா தோலோடு நிற்பதில்லை. மேலண்ணம், ஈறு, மூக்கின் உட்பகுதி, ஆசனவாய் ஆகிய இடங்களின் மென்சவ்விலும் அது வரும். ஆசனவாயில் வருவது மூலநோய் என்று தவறாக எண்ணப்படுவதுண்டு. மூலத்துக்கு மருந்து எடுத்தும் இரத்தப்போக்கு நிற்காதவர்கள், கூச்சத்தை விட்டு, விரலாலும் கருவியாலும் செய்யும் உட்பரிசோதனைக்கு உடன்பட வேண்டும்.

வெண்புள்ளி உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகமா?

இல்லை. வெண்புள்ளி உள்ள இடம் வெயிலில் எளிதில் சிவந்து எரியும் என்பதால் துணியாலோ சன்ஸ்கிரீனாலோ மூடிக்கொள்வது நல்லது. ஆனால் ஆய்வுகளில் அவர்களுக்கு மெலனோமா மற்றவர்களைவிடக் குறைவாகவே காணப்பட்டிருக்கிறது.

பிறவியிலேயே மெலனின் உருவாகாத அல்பினிசம் உடையவர்களின் நிலை வேறு. வெயிலிலிருந்து காக்கப்படாவிட்டால் அவர்களுக்கு இளவயதிலேயே செதிள் செல் புற்றுநோய் வருகிறது. அதைவிடக் கடுமையானது சீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் பரம்பரைக் குறை. புற ஊதாக் கதிரால் சேதமான மரபணுவைச் சரிசெய்யும் ஆற்றல் இக்குழந்தைகளுக்கு இருப்பதில்லை. இரண்டு மூன்று வயதிலேயே முகமெங்கும் புள்ளிகள் படர்ந்து, வெளிச்சத்தில் கண் கூசி, பத்து வயதை ஒட்டியே புற்றுகள் தோன்றத் தொடங்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் நோய் வெளிப்படும் என்பதால், தாய்மாமன், மாமன் மகன், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். ஒரு குழந்தைக்கு இருப்பது தெரிந்தால் அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது அவசியம்.

சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டு நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் ஆபத்து பல மடங்கு உயர்கிறது. அவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுத் தோல் பரிசோதனை வேண்டும்.

நாம் எல்லோரும் சன்ஸ்கிரீன் பூச வேண்டுமா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்னும் ஊரில் 1992இல் தொடங்கி 1,621 பேரிடம் நடந்த ஆய்வில், நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குச் செதிள் செல் புற்றுக் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. பின்னாளில் மெலனோமாவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் உடையவர்கள். அந்தப் பயனை அப்படியே நமக்குச் சொல்லி விற்பது சரியன்று. உள்ளங்கால் மெலனோமாவைச் சன்ஸ்கிரீன் தடுக்காது. வாங்க இயலாதவர்கள் அதற்காக வருந்த வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

வயலிலும் கட்டட வேலையிலும் மீன்பிடிப்பிலும் பகல் முழுதும் நிற்பவர்களுக்குத் தலைத்துண்டு, அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, முற்பகல் 10 முதல் பிற்பகல் 4 வரை இயன்றவரை நிழல் ஆகியவை சிறந்த காப்பு. அல்பினிசம் உடையவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், முன்பே தோல் புற்றுநோய் வந்தவர்கள் ஆகியோருக்குச் சன்ஸ்கிரீன் மருந்தைப் போன்று கட்டாயமானது. காப்பு எண் (SPF) 30 அல்லது அதற்கு மேல் உள்ளதை, முகத்துக்கும் கழுத்துக்கும் இரு விரல் நீளம் பிதுக்கிப் பூசி, வெயிலில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

மருவையும் மச்சத்தையும் வீட்டிலோ அழகு நிலையத்திலோ எடுத்துவிடலாமா?

கூடாது. சுண்ணாம்பு தடவுவது, சேராங்கொட்டைப் பாலால் சுடுவது, முடியாலோ நூலாலோ இறுக்கிக் கட்டுவது, மின்சாரத்தால் பொசுக்குவது ஆகிய அனைத்திலும் ஒரே கேடுதான்: மேலே தெரிந்தது போய்விடும், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. அது மெலனோமாவாக இருந்திருந்தால் தழும்பின் அடியில் அது வளர்ந்துகொண்டிருக்கும். மருத்துவர் அகற்றும்போதும் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயாப்சி (திசுப் பரிசோதனை) செய்தால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. நம்மிடையே மிகுந்த தீங்கு செய்துகொண்டிருக்கும் நம்பிக்கை இது. கத்தி பட்ட பிறகு நோய் பரவியதாகத் தெரிவதற்குக் காரணம், பரவிய நிலையில் கொண்டுவந்து காட்டியதே. மெலனோமா என்ற சந்தேகம் இருந்தால் ஓரிரு மில்லிமீட்டர் சுற்றுத்தோலோடு முழுமையாக எடுத்து அனுப்புவார்கள்; பெரிதாக இருந்தால் தடித்த பகுதியிலிருந்து ஒரு துணுக்கு எடுப்பார்கள். ஊசியால் மரத்துப்போகச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும் சிறு சிகிச்சை இது.

தோல் புற்றுநோய் தொற்றுமா?

தொற்றாது. நோயாளியைத் தொடலாம், உடன் உண்ணலாம், புண்ணுக்கு மருந்து கட்டலாம்.

எப்படிக் குணப்படுத்துகிறார்கள்?

அடித்தள செல், செதிள் செல் புற்றுநோய்களுக்கு அறுவையே முதன்மை. சுற்றிலும் சில மில்லிமீட்டர் நல்ல தோலோடு வெட்டியெடுத்தால் பெரும்பாலோர் அத்துடன் குணமடைகிறார்கள். கண்ணருகிலும் மூக்கிலும், ஃபிரெடெரிக் மோஸ் 1930களில் வகுத்த முறைப்படி, படலம் படலமாக எடுத்து ஒவ்வொன்றையும் உடனே நுண்ணோக்கியில் பார்த்து, புற்று முடியும் இடத்தில் நிறுத்துவார்கள். அறுவைக்கு உடல் தாங்காத முதியோருக்குக் கதிர்வீச்சு நல்ல மாற்று. தழும்பில் வந்த செதிள் செல் புற்றுநோய்க்கு அகலமாக வெட்டித் தோல் ஒட்ட வேண்டியிருக்கும், நெறிக்கட்டிகளையும் சோதிப்பார்கள்.

மெலனோமாவில் எல்லாமே ஆழத்தைப் பொறுத்தது. ஆழம் 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சுற்றிலும் 1 சென்டிமீட்டரும், 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் 2 சென்டிமீட்டரும் நல்ல தோலையும் சேர்த்து வெட்டுவார்கள். ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டரைத் தாண்டியவர்களுக்கு, நோய் முதலில் சென்று சேரக்கூடிய நெறிக்கட்டியைச் சாயமிட்டு அடையாளம் கண்டு எடுத்துப் பார்ப்பது வழக்கம். காலையே எடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் பலர் மருத்துவமனைப் பக்கம் வருவதில்லை. உள்ளங்காலில் வந்ததற்குப் பெரும்பாலும் சதையை வெட்டித் தோல் ஒட்டுவதே போதும். நகத்தடியில் முற்றியிருந்தால் விரலின் ஒரு பகுதி போகலாம். முழுக்காலை இழப்பது மிகத் தாமதித்தவர்களுக்கு நேர்வது.

பரவிவிட்டால் வழியே இல்லையா?

2011க்கு முன் அப்படித்தான் இருந்தது. பரவிய மெலனோமாவுடன் ஓராண்டைக் கடந்தவர்கள் குறைவு. நோயெதிர்ப்பு மண்டலம் புற்றைத் தாக்கவிடாமல் இருக்கும் தடையை நீக்கும் மருந்தான இபிலிமுமாப் அந்த ஆண்டிலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவற்றுக்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். கல்லீரலுக்கும் மூளைக்கும் மெலனோமா பரவியிருந்ததாக 2015இல் அறிவித்த முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், அறுவை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் ஆகியவற்றுக்குப் பின் 2024 டிசம்பரில் 100 வயதில் இறந்தார்.

உள்ளங்கால், நகம், மென்சவ்வு ஆகியவற்றில் வரும் மெலனோமாவில் இம்மருந்துகளின் பலன் சற்றுக் குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது. பி-ராஃப் மரபணு மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் மாத்திரைகளும், கிட் மரபணு மாற்றம் இருந்தால் சிலருக்கு இமாடினிபும் பயன்படும். ஆகையால் எடுத்த திசுவில் மரபணுச் சோதனை செய்யும்படி கேட்பது முக்கியம். நோயெதிர்ப்பு மருந்து பெறும்போது ஓயாத வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், கடும் சோர்வு வந்தால் அன்றே தெரிவிக்க வேண்டும். தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் நல்ல உறுப்புகளையும் தாக்குவதன் அறிகுறி அது.

எங்கே செல்வது? செலவுக்கு என்ன செய்வது?

முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவு. பயாப்சி அங்கேயே செய்யப்படும். புற்றுநோய் உறுதியானால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆகியவை தமிழ்நாட்டில் உள்ளன. இலங்கையில் மகரகம அபேக்ஷா மருத்துவமனையும், வடக்கில் தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அறுவையும் கதிர்வீச்சும் அந்த வரம்புக்குள் அடங்கக்கூடியவை. நோயெதிர்ப்பு மருந்துகளின் விலை அதைத் தாண்டக்கூடும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டங்களையும், அங்கே நடக்கும் மருந்தாய்வுகளையும் பற்றிக் கேட்டறியலாம்.

குணமான பிறகு எவ்வளவு காலம் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்?

மெலனோமா வந்தவர்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும். அறுவைத் தழும்பின் மேலும் சுற்றிலும் புதிய கரும்புள்ளி வருகிறதா என்றும், காலில் வந்தவர்கள் முழங்காலின் பின்புறத்திலும் தொடையிடுக்கிலும், கையில் வந்தவர்கள் அக்குளிலும் கட்டி தட்டுப்படுகிறதா என்றும் மாதந்தோறும் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டி தட்டுப்பட்டால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அந்த வாரத்திலேயே செல்ல வேண்டும். முதல் பயாப்சி அறிக்கையையும், முடிந்தால் திசு பொதிந்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் வேறு மருத்துவமனைக்குச் சென்றாலும், மரபணுச் சோதனை தேவைப்பட்டாலும் அவையே முதலில் கேட்கப்படும்.